மசாலா சேர்த்த பண்ணை பீர்: ஒரு செஸோனுக்கு 50-க்கு 36 கொடுத்தது சரியா?

நுரைமடல் (இழையைத் தொடங்கியவர்):

சிறிய பீர் ஆலை ஒன்று, பெல்ஜியப் பண்ணை வீட்டு முறையைப் பின்பற்றி, கொத்தமல்லி விதையும் கசப்பு ஆரஞ்சுத் தோலும் கருமிளகும் சேர்த்துக் காய்ச்சிய செஸோன் ஒன்றைச் சுவைத்து மதிப்பெண் இட்டிருக்கிறேன். ஆலையின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். இங்கே விவாதிக்க வேண்டியது இவ்வகை பீரை எந்த அளவுகோலால் அளப்பது என்பதே. புட்டியின் மீது ஆல்கஹால் 6.2 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். புட்டிக்குள்ளேயே இரண்டாம் நொதித்தல் நடந்திருப்பதால் அடியில் மெல்லிய ஈஸ்ட் படிவு இருந்தது. அதைக் கலக்காமல், குறுகிய வாய் கொண்ட டூலிப் கண்ணாடிக் கோப்பையில், ஏறத்தாழ 8 டிகிரி செல்சியஸில் ஊற்றத் தொடங்கி, 13 டிகிரி வரை மெதுவாக வெப்பமேற விட்டுச் சுவைத்தேன்.

தோற்றத்தில் குறையே இல்லை. ஆரஞ்சு கலந்த வெளிர்பொன் நிறம், இலேசான மங்கல், விரைவில் எழுந்து நெடுநேரம் நின்று கண்ணாடியின் உட்புறத்தில் வலைபோல் படிந்த வெண்ணுரை. முகர்ந்தவுடன் முதலில் வந்தது கொத்தமல்லி விதை, அதை ஒட்டியே ஆரஞ்சுத் தோல். கோப்பை சற்று வெப்பமேறிய பிறகுதான் பேரிக்காயை நினைவூட்டும் பழ மணமும், கிராம்பின் சாயலும், உலர்ந்த வைக்கோல் போன்ற மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) மணமும் வெளிப்பட்டன. வாயில் வைத்ததும் மெல்லிய தானியச் சுவை, நடுவில் அளவான கசப்பு, அதன் மேல் ஏறிவரும் கொத்தமல்லி. விழுங்கிய பிறகு ஒரு சிறிய இனிப்பு நாவின் நடுப்பகுதியில் தங்கிவிட்டது. கொத்தமல்லியும் ஆரஞ்சும் அந்த இனிப்பின் மேலேயே அமர்ந்துவிட்டன. வாயு வலுவாக இருந்ததால் பீர் வாயில் கனமாகத் தோன்றவில்லை.

பீர் நடுவர் சான்றிதழ்த் திட்டத்தின் மதிப்பெண் தாளைப் பயன்படுத்தினேன். மணம் 12-க்கு 9, தோற்றம் 3-க்கு 3, சுவை 20-க்கு 13, வாயுணர்வு 5-க்கு 4, ஒட்டுமொத்த எண்ணம் 10-க்கு 7, ஆக 36. அந்தத் தாளில் 30 முதல் 37 வரை ‘மிக நன்று’ என்ற படி.

சுவைப் பகுதியில் ஏழு மதிப்பெண்களைக் குறைத்ததற்குக் காரணம் கொத்தமல்லி சேர்த்தது அன்று, அது இறங்குவதற்கு இடமின்றிப் போனது. செஸோனின் உயிர் அதன் வறண்ட முடிவில் இருக்கிறது. விழுங்கியதும் வாய் சுத்தமாகி, அடுத்த மிடறை நாக்கே கேட்க வேண்டும். வாசனைப் பொருள் அந்த வறட்சிக்குள் கரைந்து போகுமானால் அதை வரவேற்பேன். எந்தப் பொருள் என்று எளிதில் பெயர் சொல்லிவிடக்கூடிய அளவில் அது தனித்து நின்றால், அந்தப் பொருள் எவ்வளவு தரமானதாக இருந்தாலும், அதை ஒரு குறையாகவே கொள்கிறேன். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

ஆறாம்சுவை:

விளக்கம் தெளிவாக இருக்கிறது, மதிப்பெண்தான் அதிகம். செஸோன் என்றால் இன்று உலகமே அளவுகோலாகக் கொள்வது பெல்ஜியத்தின் எய்னோ மாநிலத்தில் தூர்ப் என்ற ஊரிலிருக்கும் டூபோன் ஆலையின் செஸோனை. 6.5 சதவீத ஆல்கஹால் கொண்ட அந்த பீரில் கொத்தமல்லியும் இல்லை, மிளகும் இல்லை. ஆனாலும் அதைச் சுவைக்கும் எவரும் மிளகு, எலுமிச்சை, மண்வாசம் என்று எழுதாமல் இருப்பதில்லை. அவை அனைத்தும் ஈஸ்ட்டிலிருந்தும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவிலிருந்தும் வந்தவை. ஈஸ்ட் தானே தரக்கூடிய ஒன்றை அடுக்களையிலிருந்து எடுத்துச் சேர்ப்பது, ஈஸ்ட்டின் மீது நம்பிக்கை இல்லாததையே காட்டுகிறது. செஸோன் என்ற பெயரில் வந்த பீருக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே நான் 30-ஐத் தாண்ட மாட்டேன்.

மெய்ச்சுவை:

ஆறாம்சுவை அவர்களின் அளவுகோல் உயர்ந்தது, ஆனால் அது அளப்பது ஓர் ஆலையை மட்டுமே என்று கருதுகிறேன். நடுவர் திட்டத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டி, செஸோனில் வாசனைப் பொருள்கள் அரிது என்றும், மேலோங்காத வரை அனுமதிக்கத்தக்கவை என்றும் கூறுகிறது. அரிதானதைத் தவறானது என்று படிக்கக் கூடாது.

வரலாறும் அதற்கு இடம் தருகிறது. பெல்ஜியத்தின் பிரெஞ்சு மொழி பேசும் வலோனியாப் பகுதியில், பண்ணைகள் குளிர்காலத்தில் காய்ச்சி வைத்து, கோடைக்கால வயல்வேலைக்கு வரும் கூலியாள்களுக்குக் குடிக்கக் கொடுத்த பீர் இது என்றே மரபாகக் கூறப்படுகிறது. பண்ணைக்குப் பண்ணை தானியமும் வேறு, ஈஸ்ட்டும் வேறு என்னும்போது, ஒரே செய்முறை இருந்திருக்க வாய்ப்பே இல்லை. இன்றும் அதே எய்னோவில், பிப்பே என்ற ஊரில், 1785-இல் தொடங்கப்பட்டு இன்றும் நீராவி இயந்திரத்தால் இயங்கும் ஆலை ஒன்று, தன் செஸோனில் மிளகு, இஞ்சி, ஆரஞ்சுத் தோல், நட்சத்திர சோம்பு ஆகியவற்றைச் சேர்க்கிறது. சோய் என்ற சிற்றூரின் ஃபான்டோம் ஆலை 1988 முதல் இயங்கி வருகிறது. அங்கே சேர்க்கும் செடிகொடிகளும் வாசனைப் பொருள்களும் வெளியில் சொல்லப்படுவதில்லை. அவையும் செஸோன்களே. அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் காய்ச்சப்படும் ஹென்னபின் என்ற பீர், கொத்தமல்லி, இஞ்சி, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றோடு ஏலக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஆப்பிரிக்கக் கார விதையையும் சேர்த்து, இம்மரபை வேறொரு கண்டத்திற்குக் கொண்டு சென்றது.

எனவே கேள்வி ‘சேர்க்கலாமா’ என்பதன்று. ‘மேலோங்கியதா’ என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு நுரைமடல் அவர்களின் குறிப்பு நேர்மையாக விடை சொல்கிறது. சுவையில் 13 எனக்குச் சரியாகவே தோன்றுகிறது.

புதுநாக்கு:

இவ்வகை பீருக்கு நான் புதியவன் என்பதால் ஓர் அடிப்படை ஐயம். ஈஸ்ட்டே கிராம்பு, மிளகு போன்ற சுவைகளைத் தரும் என்கிறீர்கள். அப்படியானால் வாயிலிருக்கும் ஒரு காரம் ஈஸ்ட்டிலிருந்து வந்ததா, உண்மையான மிளகிலிருந்து வந்ததா என்பதைப் புட்டியின் சீட்டைப் படிக்காமல் எப்படி அறிவது? எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிகின்றன.

நுரைமடல்:

புதுநாக்கு அவர்களே, இந்த இழையின் மையமே நீங்கள் கேட்ட கேள்விதான். அதற்குச் சற்று விரிவாக விடை சொல்ல வேண்டும்.

கிராம்பின் சாயலிலிருந்து தொடங்குகிறேன். பார்லி, கோதுமை ஆகியவற்றின் செல்சுவரில் ஃபெருலிக் அமிலம் என்ற பொருள் பிணைந்திருக்கிறது. மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது, குறிப்பாக 45 டிகிரி அளவில் சிறிது நேரம் நிறுத்தினால், அதில் ஒரு பகுதி விடுபட்டுக் கரைசலில் சேரும். செஸோன் ஈஸ்ட்டுகளுக்கு அந்த அமிலத்திலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, 4-வினைல்குவையகால் என்ற பொருளாக மாற்றும் திறன் உண்டு. குளிரில் நொதிக்கும் சாதாரண லாகர் பீரின் ஈஸ்ட்டுக்கு அந்தத் திறன் இல்லை. கிராம்பு என்று நாம் எழுதுவது பெரும்பாலும் இந்தப் பொருளின் மணமே. உண்மையான கிராம்பின் மணம் யூஜினால் என்ற வேறொரு பொருளிலிருந்து வருவது. இரண்டும் நெருங்கிய உறவினர்கள் என்பதால்தான் மூக்கு தடுமாறுகிறது.

கொத்தமல்லி விதையின் முதன்மை மணப்பொருள் லினலூல். அது ஹாப்ஸிலும் உண்டு. அதனால் பூ மணமும் எலுமிச்சைச் சாயலும் வந்தால் உடனே கொத்தமல்லி என்று எழுதிவிடக் கூடாது. இங்கே நான் கொத்தமல்லி என்று உறுதியாக எழுதியதற்குக் காரணம், பூ மணத்தோடு கூடவே நசுக்கிய விதைக்கே உரிய உலர்ந்த, மரத்தன்மையான ஓர் அடிமணமும் இருந்தது. ஹாப்ஸில் அது வருவதில்லை.

அடுத்தது காரம். பெரும்பாலான சுவைக்குறிப்புகள் வழி தவறும் இடம் இதுவே என்பது என் கருத்து. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். ஆல்கஹாலில் நன்றாகக் கரையும் என்றாலும், 6 சதவீத ஆல்கஹால் அதற்குப் பெரிய உதவியாக இருப்பதில்லை. ஆகவே பீரில் மிளகு பெரும்பாலும் மணமாகவே வெளிப்படுகிறது. மறுபுறம், செஸோனில் கரைந்திருக்கும் வாயுவின் அளவு மிக அதிகம். பீரின் கன அளவைப் போல் மூன்று மடங்கும் அதற்கு மேலும் வாயு அடைபட்டிருப்பது இவ்வகையில் இயல்பு. அந்த வாயு வாயின் ஈரத்தில் கார்பானிக் அமிலமாக மாறி, முக்கிளை நரம்பைக் குத்துகிறது. மிளகின் காரத்தை நாம் உணர்வதும் அதே நரம்பின் வழியாகத்தான். ஆகவே வாயுவின் குத்தலையும் மிளகின் காரத்தையும் மனம் எளிதில் ஒன்றாக்கிவிடுகிறது, அதிலும் சீட்டில் மிளகு என்ற சொல்லைப் படித்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஒரே புட்டியிலிருந்து இரண்டு கோப்பைகளில் ஊற்றி, ஒன்றை அப்படியே விட்டு, மற்றொன்றை வாயு நீங்கும் வரை நன்றாகச் சுழற்றுங்கள். வாயு நீங்கிய கோப்பையிலும் நாவின் பின்பகுதியில் மெதுவாக எழுந்து நிலைக்கும் சூடு இருந்தால், அது மிளகோ இஞ்சியோ ஆகலாம். சூடு முழுவதும் மறைந்துவிட்டால் அது வாயுவின் வேலை. நான் செய்து பார்த்தபோது சூட்டின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. மிளகின் மணம் மட்டும், அதுவும் 12 டிகிரியை நெருங்கிய பிறகு, மெல்லியதாக நின்றது. அதனால்தான் என் குறிப்பில் மிளகைச் சுவைப் பகுதியில் எழுதவில்லை.

இன்னொன்று. சீட்டை முதலில் படிக்காதீர்கள். வேறொருவரை ஊற்றச் சொல்லி, மணத்தையும் சுவையையும் எழுதி முடித்த பிறகு புட்டியைப் பாருங்கள். சீட்டில் இருப்பதையெல்லாம் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற ஆவல், நாவைவிட விரைந்து வேலை செய்யும்.

வாற்கோதுமை:

வீட்டிலேயே இவ்வகை பீரைக் காய்ச்சிவருபவன் என்ற முறையில், தங்கிவிட்ட அந்த இனிப்பைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். என் பார்வையில் இந்த பீரின் நோய் அங்கேதான் இருக்கிறது. கொத்தமல்லி மேலோங்கியது அந்த நோயின் அறிகுறி மட்டுமே.

செஸோன் ஈஸ்ட்டுகளில் பலவும் டயஸ்டாட்டிகஸ் என்ற வகையைச் சேர்ந்தவை. எஸ்.டி.ஏ.1 என்ற மரபணு அவற்றில் இருப்பதால், மற்ற ஈஸ்ட்டுகள் தொட முடியாத நீண்ட மாவுச்சத்துச் சங்கிலிகளையும் உடைத்துச் சர்க்கரையாக்கி உண்ணும் நொதியைச் சுரக்கின்றன. பீர் அவ்வளவு வறண்டு போவது அதனால்தான். வழிகாட்டி செஸோனுக்குச் சொல்லும் இறுதி ஒப்படர்த்தி (நொதித்து முடிந்த பீரின் அடர்த்தியைத் தண்ணீரோடு ஒப்பிடும் எண்) 1.002 முதல் 1.008 வரை. தண்ணீரின் ஒப்படர்த்தி 1.000 என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், எவ்வளவு குறைந்த சர்க்கரையே மிஞ்சுகிறது என்பது புரியும்.

ஆனால் டூபோன் வழிவந்த ஈஸ்ட்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தொடக்கத்தில் வேகமாக வேலை செய்துவிட்டு, ஒப்படர்த்தி 1.035-ஐ ஒட்டி வரும்போது திடீரென நின்றுவிடும். அவசரப்படுபவர்கள் வேறு ஈஸ்ட்டைச் சேர்த்து முடித்துவிடுவார்கள், அல்லது பாதி வழியில் குளிரவைத்துவிடுவார்கள். தூர்ப் ஆலையில் 30 டிகிரிக்கு மேல் நொதிக்க விடுவது அனைவரும் அறிந்தது. வீட்டிலும் அந்த வெப்பத்துக்கு உயர்த்தி, நொதிகலத்தின் மூடியில் அழுத்தம் சேராமல் பார்த்துக்கொண்டு, பொறுமையாகக் காத்திருந்தால் அது மீண்டும் எழுந்து வேலையை முடிக்கும் என்பதே என் பட்டறிவு. சிறிய ஆலைகளுக்குக் கலம் காலியாக வேண்டும் என்ற நெருக்கடி இருப்பதால், இந்தக் காத்திருப்பு பல நேரங்களில் நடப்பதில்லை.

காத்திராமல் புட்டியில் அடைப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. டயஸ்டாட்டிகஸ் வகை ஈஸ்ட் புட்டிக்குள் மெதுவாகத் தன் வேலையைத் தொடர்ந்தால் வாயு கூடிக்கொண்டே போகும். திறந்ததும் பொங்கி வழியும், மெல்லிய புட்டியாக இருந்தால் வெடிக்கவும் செய்யும். தடித்த கண்ணாடிப் புட்டியும், கார்க்கும், கம்பிக்கூடும் இவ்வகை பீருக்கு அழகுக்காக வந்தவை அல்ல.

வாசனைப் பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. 20 லிட்டருக்குக் கொத்தமல்லி விதை 10 கிராமைத் தாண்டும்போதே நான் தயங்கத் தொடங்குவேன். இலேசாக நசுக்கிக் கொதியின் கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்க்கிறேன். முன்னதாகச் சேர்த்தால் மணம் ஆவியோடு போய்விடும், மாவாக அரைத்தால் துவர்ப்பு ஏறிவிடும். பழைய விதையானால் செலரித் தண்டு போன்ற, சில நேரங்களில் பதப்படுத்திய இறைச்சி போன்ற ஒரு பச்சை வாடை வரும். நுரைமடல் அவர்களின் குறிப்பில் அது இல்லாததால் விதை புதியதுதான். மிளகையும் இஞ்சியையும் நான் கொதியில் சேர்ப்பதே இல்லை. வோட்காவில் சில நாள்கள் ஊறவைத்து வடித்து, நொதித்து முடிந்த பீரில் சிறிது சிறிதாகக் கலந்து, ஒவ்வொரு முறையும் சுவைத்துப் பார்த்துத்தான் அளவை முடிவுசெய்கிறேன். சேர்த்ததைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் இந்த வழியை எல்லாருக்கும் பரிந்துரைக்கிறேன்.

ஆறாம்சுவை:

வாற்கோதுமை அவர்கள் சொன்னது என் வாதத்தையே வலுப்படுத்துகிறது. ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை, அந்த இடத்தைக் கொத்தமல்லி நிரப்பியிருக்கிறது. அப்படியிருக்க, மணத்திற்கு 12-க்கு 9 எப்படிப் பொருந்தும்? முதலில் கொத்தமல்லி, பிறகு ஆரஞ்சு, வெப்பமேறிய பிறகே ஈஸ்ட் என்றுதானே நுரைமடல் எழுதியிருக்கிறார். மேலோங்குதல் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் உண்டா? வழிகாட்டியையே அளவுகோலாகக் கொண்டாலும் 7-க்கு மேல் கொடுக்க இயலாது.

நுரைமடல்:

நியாயமான கேள்வி. இருப்பினும் 9-ஐ மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை.

முதலில் வருவது வேறு, மேலோங்குவது வேறு. லினலூல், ஆரஞ்சுத் தோலின் லிமொனீன் போன்றவை எளிதில் ஆவியாகும் பொருள்கள். குளிர்ந்த கோப்பையிலிருந்து அவை முந்திக்கொண்டு வருவது இயற்கை. 4-வினைல்குவையகால் அவ்வளவு எளிதில் ஆவியாகாது, கோப்பை சற்று வெப்பமேற வேண்டும். 10 டிகிரியைத் தாண்டிய பிறகு பழமணமும் கிராம்பும் வைக்கோலும் கொத்தமல்லியோடு சரிக்குச் சரி நின்றன. எந்த மணமும் மற்றொன்றை விரட்டவில்லை. கோப்பையில் பாதி மீதமிருக்கும்போது முகர்ந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம், அதற்காகவே 9 கொடுத்தேன். 5 டிகிரியில் ஊற்றி உடனே முகர்ந்து எழுதியிருந்தால் நீங்கள் சொல்லும் 7-க்கு நானும் வந்திருக்கலாம். ஆனால் அது பீருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

வாயில் நிலைமை மாறுகிறது. விழுங்கும்போது மணம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது, அதே நேரத்தில் நாவில் இனிப்பும் இருக்கிறது. இனிப்போடு சேர்ந்து வரும் கொத்தமல்லியும் ஆரஞ்சும் மிட்டாயை நினைவூட்டுகின்றன. முகரும்போது இல்லாத அந்த மிட்டாய்த் தன்மைக்காகத்தான் மணத்தில் குறைக்காமல் சுவையில் குறைத்தேன். ஒரே குறைக்கு இரண்டு இடங்களில் தண்டனை தர எனக்கு மனமில்லை.

பழம்புட்டி:

இடையில் காலத்தைப் பற்றியும் ஒரு சொல். புட்டியில் அடைத்த நாள் சீட்டில் இருந்ததா? வாசனைப் பொருள் சேர்த்த செஸோன்களில், அடைத்த புதிதில் கொத்தமல்லியும் ஆரஞ்சும் கூச்சலிடுவதும், மாதங்கள் செல்லச் செல்ல அவை அடங்கி ஈஸ்ட்டின் குரல் கேட்கத் தொடங்குவதும் நான் பல புட்டிகளில் கண்டது. ஆரஞ்சுத் தோலின் மணம்தான் முதலில் தளர்கிறது. கிராம்பின் சாயலும் நாளடைவில் குறையவே செய்யும். எனவே காத்திருந்தால் எல்லாம் மேம்படும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. சுத்தமான செஸோன் ஈஸ்ட்டால் மட்டும் நொதித்த பீரை ஓராண்டுக்கு மேல் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேன் போன்ற, பிறகு நனைந்த காகிதம் போன்ற ஆக்சிஜனேற்ற வாடை வந்துவிடுகிறது.

பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டும் சேர்ந்திருந்தால் கதை வேறு. அது மிச்சமிருக்கும் சர்க்கரையை மெல்ல மெல்ல உண்டு பீரை வறட்சியாக்கும். செஸோன் ஈஸ்ட் உண்டாக்கிய 4-வினைல்குவையகாலை 4-எத்தில்குவையகாலாகவும் மாற்றும். கிராம்பு இருந்த இடத்தில் புகையும் பதனிட்ட விலங்குத் தோலும் கலந்த ஒரு மணம் வரும். அந்தப் பின்புலத்தில் கொத்தமல்லியைவிட மிளகு அழகாகப் பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது.

பச்சைப் புட்டியானால் வெளிச்சம் படாமல் வையுங்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் வெளிச்சத்தில் சிதைந்து உண்டாக்கும் கந்தகச் சேர்மம், மிகமிக நுண்ணிய அளவிலேயே மூக்கில் தெரிந்துவிடும். அது வந்துவிட்டால் வாசனைப் பொருளைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

நுரைமடல்:

பழம்புட்டி அவர்களே, அடைத்த நாள் இருந்தது. நான் திறந்தபோது மூன்று மாதமும் நிறைந்திருக்கவில்லை. பழுப்புப் புட்டிதான்.

புதுநாக்கு:

இரண்டு கோப்பைச் சோதனையை வேறொரு செஸோனில் செய்து பார்த்தேன். வாயு நீங்கிய கோப்பையில் மிளகு என்று நான் நினைத்திருந்தது முற்றிலும் மறைந்து, எலுமிச்சை சாயலுள்ள கசப்பு மட்டும் எஞ்சியது. அந்த பீரின் சீட்டில் வாசனைப் பொருள் எதுவும் இல்லை. நன்றி.

மற்றொரு கேள்வி. செயலிகளில் ஐந்து நட்சத்திர முறையில் மதிப்பிடுகிறார்களே, இந்த 36 அங்கே எவ்வளவாகும்? 50-ஐ 5-ஆகச் சுருக்கினால் 3.6 என்று கொள்ளலாமா?

மெய்ச்சுவை:

கணக்குப்படி 3.6தான், பொருள்படி ஆகாது. நடுவர் தாளின் 50 மதிப்பெண், ஒரு பீர் தன் வகைக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்பதையும், காய்ச்சியதில் குறை உண்டா என்பதையும் அளப்பதற்காக அமைந்தது. அன்டாப்ட் செயலியில் ஒருவர் கால் நட்சத்திரப் படிகளில் இடுவது, தமக்கு எவ்வளவு பிடித்தது என்பதையே. பீர்அட்வகேட் தளம் நடுவில் நிற்கிறது. அங்கே சுவைக்கு 40 சதவீதம், மணத்திற்கு 24, ஒட்டுமொத்த எண்ணத்திற்கு 20, வாயுணர்வுக்கு 10, தோற்றத்திற்கு 6 என்று எடை பிரித்திருக்கிறார்கள். நடுவர் தாளிலும் சுவைக்கு 40 சதவீதமும் மணத்திற்கு 24 சதவீதமும்தான் வருகின்றன என்பதைக் கவனியுங்கள். எடைகள் ஒன்றாகவே இருந்தும், எதற்கு விடை தேடுகிறோம் என்பது மாறும்போது எண்ணும் மாறிவிடுகிறது. கொத்தமல்லியை விரும்பும் ஒருவர் இதே பீருக்கு 4.25 கொடுத்தால் அவரை நான் திருத்த மாட்டேன்.

ஆறாம்சுவை அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போட்டிக்கு அனுப்புவதானால், இந்த பீரைச் செஸோன் பிரிவில் சேர்க்காமல், வாசனைப் பொருள், மூலிகை, காய்கறி சேர்த்த பீர்களுக்கான 30ஏ பிரிவில், அடிப்படை வகை செஸோன் என்று குறிப்பிட்டுச் சேர்க்கலாம். அங்கே கொத்தமல்லி வெளிப்படையாகத் தெரிவது குறையாகாது. ஆனால் அடிப்படை பீரோடு இயைந்திருக்கிறதா என்று அங்கேயும் பார்ப்பார்கள். இனிப்பு அங்கேயும் இதைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் மதிப்பெண் பெரிதாக உயரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆறாம்சுவை:

30ஏ பிரிவு என்றால் எனக்கு மறுப்பில்லை. அங்கே 36 கொடுக்கலாம். செஸோன் என்று மட்டும் சீட்டில் எழுதி விற்கும்போதுதான், அந்தச் சொல்லை நம்பி வாங்குபவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கிறேன்.

வாற்கோதுமை:

நுரைமடல் அவர்களிடம் இன்னொரு புட்டி இருக்குமானால் ஒரு வேண்டுகோள். வாயுவை முழுவதும் நீக்கி, 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, மிதவைமானியால் ஒப்படர்த்தியை அளந்து எழுதுங்கள். வாயு மிச்சமிருந்தால் குமிழிகள் மானியைத் தூக்கிவிட்டு அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால், இரண்டு பாத்திரங்களுக்கிடையே பலமுறை மாற்றி ஊற்றிய பிறகு அளக்க வேண்டும். எண் 1.006-ஐ ஒட்டி இருந்தால், தங்கிய இனிப்புக்கு நான் சொன்ன காரணம் தவறு என்று கொண்டு வேறு காரணத்தைத் தேடலாம்.

நுரைமடல்:

அளந்தேன். இரண்டு முறையும் 1.011.

வாற்கோதுமை:

நன்றி. ஆல்கஹால் 6.2 சதவீதம் என்று சீட்டு சொல்வதைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால், தொடக்க ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.058 என்று வருகிறது. அதாவது, ஒப்படர்த்தி இறங்கியதை மட்டும் வைத்துப் பார்த்தால், 81 சதவீதச் சர்க்கரையே நொதித்திருக்கிறது. பிற ஏல் (சற்று வெப்பமான நிலையில் நொதிக்கும் பீர்) வகைகளுக்கு அது மிக நல்ல எண். செஸோன் ஈஸ்ட் 90 சதவீதத்தையும் தாண்டக்கூடியது என்னும்போது, இங்கே அது பாதியில் நிறுத்தப்பட்டிருக்கிறது, அல்லது மால்ட்டை ஊறவைத்த வெப்பம் மிகுந்து, ஈஸ்ட்டால் உண்ண முடியாத பங்கு கூடிவிட்டிருக்கிறது. டயஸ்டாட்டிகஸ் அல்லாத ஈஸ்ட்டாக இருந்தால் இரண்டாவது காரணத்துக்கு வாய்ப்பு மிகுதி.

இதே பீரை நான் காய்ச்ச நேர்ந்தால், மால்ட்டை 64 டிகிரியில் ஊறவைத்து, மொத்தச் சர்க்கரையில் ஏழெட்டு சதவீதத்தை வெறும் கரும்புச் சர்க்கரையாகக் கொடுத்து, 1.004-க்கு இறங்கும் வரை 30 டிகிரியில் வைத்திருப்பேன். கொத்தமல்லியின் அளவை முதல் சுற்றில் தொடமாட்டேன். இனிப்பு போன பிறகு கொத்தமல்லி அடங்கிவிடும் என்று நுரைமடல் எதிர்பார்க்கிறார் என நினைக்கிறேன். மிட்டாய்த் தன்மை போய்விடும் என்பது உண்மை. ஆனால் வறண்ட பீரில் ஆரஞ்சுத் தோலின் உட்கசப்பும் விதையின் துவர்ப்பும் மறைவதற்கு இடமின்றி இன்னும் கூர்மையாகத் தெரியக்கூடும். அப்படித் தெரிந்தால், இரண்டாம் சுற்றில் முதலில் குறைக்க வேண்டியது ஆரஞ்சுத் தோலை, அடுத்துதான் கொத்தமல்லியை.

ஆறாம்சுவை:

இரண்டாம் சுற்றில் இரண்டையும் சேர்க்காமல் ஒரு கலத்தைத் தனியே எடுத்து வைத்துக் காய்ச்சுங்கள். சேர்த்தது இரண்டு கோப்பை, சேர்க்காதது ஒரு கோப்பை, அல்லது மாற்றி, எது எதுவென்று சொல்லாமல் மூன்று கோப்பைகளை வைத்தால், தனியானதைக் குருட்டாம்போக்கில் மூன்றில் ஒருவர் கண்டுபிடிப்பார். அதைவிட அதிகமானோர் கண்டுபிடிக்கிறார்களா என்றும், கண்டுபிடித்தவர்கள் எதை விரும்புகிறார்கள் என்றும் பார்ப்போம். சேர்த்ததையே பெரும்பான்மையினர் விரும்பினால், அதற்கு 38 கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

வாற்கோதுமை:

ஒப்புக்கொள்கிறேன். ஒரே கொதியிலிருந்து இரண்டு கலங்களாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் வோட்காவில் ஊறிய சாற்றைச் சேர்க்கிறேன். அப்போதுதான் ஈஸ்ட்டும் ஒப்படர்த்தியும் இரண்டிலும் ஒன்றாக இருக்கும். இன்னொரு கலத்திலும் அதே அளவு வெறும் வோட்காவைச் சேர்த்துவிடுகிறேன். புட்டியில் அடைத்து வாயு சமமாகச் சேர்ந்த பிறகு அளவுகளை இங்கேயே பதிவிடுகிறேன்.